காலாங் ஆற்றுக்குத் திரும்பக் கிடைத்த நிலம்

காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. நீளம் என்று சொன்னாலும் சுமார் 10 கிலோமீட்டர்தான். தீவின் நடுவே லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கம் கிளம்பி, தெற்கே மரினா நீர்த்தேக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. தாமிரபரணியையும் வைகையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு வாய்க்கால் அளவுதான். இந்த ஆற்றின் மேல்பகுதியில், பீஷான், அங் மோ கியோ என்னும் இரண்டு குடியிருப்பு நகரங்களுக்கு இடையே, 62 ஹெக்டேர் பரப்பில், ஏறத்தாழ 150 ஏக்கரில், பீஷான்–அங் மோ கியோ பூங்கா அமைந்திருக்கிறது. கான்கிரீட் கால்வாயாக இருந்ததை உடைத்து மறுபடியும் ஆறாக ஓடவிட்ட இடம் இது. 2012-ல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த நிலவடிவமைப்பு என்ற விருதும் இதற்குக் கிடைத்தது.

சிங்கப்பூருக்கு மூன்று நாள் சுற்றுலா வருகிறவர்களின் பட்டியலில் இந்தப் பூங்கா பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களைச் சுற்றுலா நிறுவனத்தின் பேருந்து கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் செந்தோசாவுக்கும்தான் அழைத்துப் போகும். பீஷான் பூங்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து அடுக்குமாடிகளில் இருப்பவர்கள். காலையில் தை-சி பயிற்சி செய்யும் முதியவர்கள், பள்ளி முடிந்து வலையோடு மீன்குஞ்சு தேடும் பிள்ளைகள், நாயோடு நடப்பவர்கள் என்று நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் உண்டு. நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து வடக்கு–தெற்கு தடத்தில் பெருவிரைவு ரயில் ஏறினால் பீஷான் நிலையத்திலோ அங் மோ கியோ நிலையத்திலோ இறங்கலாம். அங்கிருந்து பேருந்தும் உண்டு. நடந்து போனால் 20 நிமிடத்துக்குள் அங் மோ கியோ அவென்யூ 1 வந்துவிடும். சாலையின் ஒரு பக்கம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள், மறுபக்கம் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது.

பூங்கா 1988-ல் திறக்கப்பட்டது. இரண்டு புதிய நகரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு பசுமை இடைவெளி வேண்டும் என்பது அப்போதைய எண்ணம். புல்வெளி, குளம், நடைபாதை என்று வழக்கமான நகரப் பூங்காவாகவே அது இருந்தது. அதன் ஓரமாக, பூங்காவுக்குச் சம்பந்தமே இல்லாதது போல, காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஒரு கான்கிரீட் கால்வாய்க்குள் ஓடியது. ஒரு பக்கம் மரம், இன்னொரு பக்கம் சிமென்ட் சுவர். இரண்டுக்கும் நடுவில் தடுப்புக் கம்பி.

கால்வாய் கட்டியவர்களைக் குறை சொல்வது எளிது; ஆனால் அவர்களுக்கும் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் சீராகப் பெய்வதில்லை; வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நாள் கணக்கில் கொட்டும், மற்ற மாதங்களில் பிற்பகல் இடியோடு ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 1960-களிலும் 70-களிலும் நகரம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கியது. விழுந்த நீரை எவ்வளவு சீக்கிரம் கடலுக்கு விரட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதே அன்றைய பொறியியல் பாடம். வளைவுகளை நிமிர்த்தி, அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் பூசிவிட்டால் நீர் தடையில்லாமல் விரையும். அப்படித்தான் தீவின் ஆறுகளும் ஓடைகளும் ஒவ்வொன்றாகக் கால்வாய்களாயின.

அந்தப் பாடம் தலைகீழாக மாறியதற்குக் குடிநீர்த் தேவையே காரணம். சிங்கப்பூரில் பெரிய ஏரியோ நிலத்தடி நீர் வளமோ இல்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து குழாய்வழி வரும் தண்ணீருக்கான 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. எனவே தன் நிலத்தில் விழும் மழையைப் பிடித்து வைப்பது நாட்டின் உயிர்ப் பிரச்சினை. 1977-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் துப்புரவாக்கப்பட்டன. கரையோரப் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைகள் அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோகப்பட்டன. 2008-ல் மரினா கால்வாயின் வாயில் அணை எழுந்தது; கடல்நீர் வெளியே நிறுத்தப்பட்டு, ஆறுகளின் முகத்துவாரம் நன்னீர்த் தேக்கமாயிற்று. அந்தத் தேக்கத்துக்கு நீர் தரும் பகுதி சுமார் 10,000 ஹெக்டேர், தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. பீஷானில் ஓடும் நீரும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சாக்கடையாக நினைத்த கால்வாய், குடிநீர்க் குழாயின் தலைமாட்டில் இருப்பதாகத் தெரிந்தபின் அதை யாரும் பழைய கண்ணால் பார்க்கவில்லை.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் துடிப்பும் அழகும் தூய்மையும் உள்ள நீர்நிலைகளாக்கி, மக்களைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது அதன் நோக்கம். தண்ணீரைத் தொட்டுப் பழகியவன் அதில் குப்பை போட யோசிப்பான் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. பீஷானில் அப்போது இரண்டு தேவைகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன: கால்வாயின் கொள்ளளவு போதாமல் அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, பூங்காவும் பழையதாகிப் புதுப்பிக்கும் நிலையில் இருந்தது. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. இரண்டும் தனித்தனியே டெண்டர் விட்டிருந்தால் இன்னும் உயரமான ஒரு சுவரும் இன்னும் பச்சையான ஒரு புல்வெளியும் கிடைத்திருக்கும். எந்த ஊரிலும் அரசுத் துறைகள் இரண்டு ஒரே வரைபடத்தின் மேல் குனிவது அபூர்வம். இங்கே அது நடந்தது. ஜெர்மனியின் ஆட்டெலியர் டிரைசெய்ட்ல் நிறுவனம் வடிவமைப்பைச் செய்தது. 2009 அக்டோபரில் வேலை தொடங்கி, 2012 மார்ச் 17 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பூங்காவைத் திறந்துவைத்தார். செலவு சுமார் 7.6 கோடி சிங்கப்பூர் டாலர்.

மேரிமவுண்ட் சாலை பூங்காவை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே உள்ளது குளத் தோட்டப் பகுதி; கிழக்கே உள்ளது ஆற்றுச் சமவெளி. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், அதோடு சேர்ந்து நடக்க விரும்பும் பயணி மேற்கிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய பூங்காவின் முதிர்ந்த மரங்கள் பல இந்தப் பக்கம் நிழல் தருகின்றன. குளங்களைத் தாண்டி வரும்போது, படிப்படியாகச் சரிந்து இறங்கும் ஒரு செடிப் பாத்தி தென்படும். பார்ப்பதற்குக் கோரையும் நாணலும் மண்டிய மேடு போலிருக்கும்; பலர் அதை அலங்காரச் செடித் தோட்டம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையில் அதுதான் இந்தப் பூங்காவின் நீர் சுத்திகரிப்பு நிலையம்.

குளத்து நீர் பம்ப் மூலம் மேட்டின் உச்சிக்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து அது ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்ல இறங்குகிறது. பாத்திகளில் சாதாரணத் தோட்ட மண் இல்லை. நீரை வடியவிடும் சரளைக் கலவையில் செடிகள் வேரூன்றியிருக்கின்றன. அழுக்கின் பெரும்பகுதியைச் சரளை வடிகட்டி நிறுத்துகிறது. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் செடிகள் தமக்கு உணவாக எடுத்துக்கொள்கின்றன. குளத்தில் பாசி படரக் காரணமே இந்த இரண்டு சத்துகளும்தான். அவை குறைந்தால் பாசி தானாகக் கட்டுப்படும். வேலை முடிந்து கீழே வரும் நீர் மறுபடியும் குளத்துக்கே போகிறது. குளோரினோ படிகாரமோ எதுவும் இதில் சேர்க்கப்படுவதில்லை. பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால், மேலே கலங்கலாக நுழையும் நீர் கீழே தெளிந்து வருவது தெரியும். இந்த நீரில் ஒரு பகுதி புற ஊதா ஒளியில் கிருமி நீக்கப்பட்டு, பிள்ளைகளின் நீர் விளையாட்டுத் திடலுக்கும் போகிறது. அங்கே குதித்துக் கும்மாளமிடும் குழந்தைகள் மேல் பீய்ச்சுவது குழாய்நீர் அல்ல, செடி வடித்த குளத்துநீர்.

நடைபாதை ஓரங்களிலும் மழைநீர் சிமென்ட் காடிக்குள் போவதில்லை. புல் வளர்ந்த ஆழமில்லாத பள்ளங்கள் வழியே அது மெதுவாக நகர்ந்து, ஒரு பகுதியை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு மீதியோடு ஆற்றுக்கு வருகிறது. இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. எந்த ஊர்ப் பூங்காவும் நாளைக்கே செய்யக்கூடியது.

சாலையைக் கடந்து கிழக்கே வந்தால் ஆறு முழுமையாகக் கண்ணில் படும். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் இப்போது 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்தோடும் ஆறு. வளைவு அழகுக்காக வைத்ததல்ல. வளைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கரை அரிப்பு குறையும், வண்டல் படியும். வளைவின் வெளிப்பக்கம் நீர் ஆழமாகவும் உட்பக்கம் ஆழம் குறைவாகவும் இருப்பதால், பெரிய மீனுக்கு ஓர் இடமும் குஞ்சுகளுக்கு ஓர் இடமும் ஒரே ஆற்றுக்குள் கிடைக்கின்றன. சில இடங்களில் கல் பரப்பி நீரைச் சலசலக்க விட்டிருக்கிறார்கள். அந்தச் சலசலப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரோடு கலக்கிறது. மழையில்லாத நாளில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக்கூட இருக்காத இடங்கள் உண்டு. அங்கே படிக்கற்கள் மேல் கால் வைத்து மறுகரைக்குப் போகலாம்.

கரையை உற்றுப் பார்க்க வேண்டும். சுவர் இல்லை, ஆனாலும் மண் சரியவில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது உயிருள்ள செடிகள். இந்த முறையை உயிர்மண் பொறியியல் என்கிறார்கள். ஐரோப்பிய மலைநாடுகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள கலை. ஆனால் வெப்பமண்டல நகரம் ஒன்றின் வெள்ளத்துக்கு அது தாங்குமா, எந்தச் செடி எந்த வேகத்தில் வேர்விடும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் முதலில் பூங்காவின் வடிகால் ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் கரை அமைத்துப் பத்து உத்திகளை வெவ்வேறு செடிகளோடு முயன்று பார்த்தார்கள். அவற்றில் தேறிய ஏழு உத்திகள்தான் ஆற்றின் கரைக்கு வந்தன.

அவற்றில் எளியது, வெட்டிய பச்சைக் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, கரையோரமாக வெட்டிய நீளப் பள்ளத்தில் பாதி புதைத்து வைப்பது. சில வாரங்களில் கணுவுக்குக் கணு வேர்விட்டு, கட்டு முழுவதும் மண்ணோடு தைத்துக்கொள்ளும். இன்னொரு உத்தியில் தென்னை நாரை உருளையாகத் திணித்து அதில் நாணல் வகைச் செடிகளை நட்டு நீர்விளிம்பில் கிடத்துகிறார்கள். செடி வேரூன்றும் வரை நார் மண்ணைக் காக்கும், பிறகு மட்கி மண்ணாகிவிடும். அரிப்பு கடுமையாக உள்ள வளைவுகளில் கம்பிக் கூடைக்குள் கற்களை நிரப்பி அடுக்கி, இடுக்குகளில் செடி நட்டிருக்கிறார்கள். வேறு சில இடங்களில் மண்ணை மண்காப்புத் துணியில் சுருட்டிப் படிகளாக அடுக்கி, படிகளுக்கு நடுவே கிளைகளைச் செருகியிருக்கிறார்கள். இன்று அந்தத் துணியையும் கூடையையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுக்குப் பச்சை மூடிவிட்டது. தமிழ்நாட்டு விவசாயி வரப்பிலும் ஓடைக்கரையிலும் வெட்டிவேரும் நாணலும் வைப்பதற்குப் பின்னால் உள்ள அறிவும் இதே வகைதான். இங்கே அதைக் கணக்குப் போட்டு, வரைபடம் போட்டு, ஆற்றின் வேகத்துக்கு ஏற்ற உத்தியை இடம் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கான்கிரீட் சுவர் காலம் போகப் போகப் பலமிழக்கும். வேர்க்கரையோ ஆண்டு ஏற ஏறப் பலம் கூடும். ஆற்றங்கரையில் காசு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

ஆனாலும் செடிகள் இந்தத் திட்டத்தின் அடிப்படை அல்ல. அடிப்படை நிலம். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது வெள்ளம் வரும்போது ஆறு ஏறக்குறைய 100 மீட்டர் வரை அகலிக்க முடியும். கரை செங்குத்தாக இல்லாமல் நீண்ட சரிவாக இருப்பதால், நீர் ஏற ஏறப் புல்வெளியும் நடைபாதையின் சில பகுதிகளும் ஆற்றுக்குள் போய்விடுகின்றன. மழை விட்டதும் திரும்பி வருகின்றன. நீரைக் கொண்டுசெல்லும் திறன் முன்னைவிடச் சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் ஆற்றுப் புறம்போக்கு என்று பதிவான நிலம் எந்த வேலையைச் செய்யவேண்டுமோ, அந்த வேலையை இந்தப் புல்வெளி செய்கிறது. வெள்ளம் இல்லாத நாளில் அது விளையாட்டுத் திடல். பட்டம் விடுகிறார்கள், பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு வேலை. நிலத்துக்குத் தங்க விலை சொல்லும் ஒரு தீவில், ஆண்டின் பெரும்பாலான நாட்கள் நீரில்லாமல் கிடக்கும் வெள்ளவழியைத் தனியாக ஒதுக்குவது நடக்காத காரியம். பூங்காவையே வெள்ளவழியாக வைத்ததால்தான் அது நடந்தது.

பொதுமக்கள் நடமாடும் இடம் ஆற்றுக்கு வழிவிட வேண்டுமென்றால் ஆபத்தும் கூடவே வரும். மேட்டுப்பகுதியில் பெய்யும் மழை கீழே வந்து சேர அதிக நேரம் பிடிக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் ஏறலாம். அதற்காக ஆற்றில் நீர்மட்ட உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. நீர் ஏறத் தொடங்கினாலோ கனமழை வருவதாகத் தெரிந்தாலோ எச்சரிக்கை விளக்குகள் எரியும், சங்கு ஒலிக்கும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். எந்த எல்லைக்கு அப்பால் ஆபத்து என்பதைச் சிவப்புக் குறிகள் காட்டும். மிதவை வளையங்கள் கரையோரம் தொங்குகின்றன. கம்பி வேலி போட்டு ஆற்றையும் மனிதரையும் பிரித்து வைப்பதைவிட இது கடினமான வழி. ஓயாத பராமரிப்பைக் கேட்பது. வேலி ஒருமுறை போட்டால் போதும், உணர்கருவியை நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றுச் சமவெளியில் மெதுவாக உயரும் ஒரு குன்று இருக்கிறது. மறுசுழற்சிக் குன்று என்று பெயர். உடைத்தெடுத்த கால்வாயின் கான்கிரீட் பாளங்களைக் கொண்டு எழுப்பியது. இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாயை உடைத்தால் வரும் இடிபாட்டை லாரி லாரியாக ஏற்றி வெளியே கொட்டுவதே வழக்கமான வேலை. அதற்கு டீசலும் செலவாகும், கொட்ட இடமும் வேண்டும். இங்கே பாளங்கள் குன்றாயின, ஆற்றைக் கடக்கும் படிக்கற்களாயின, கரைக்குக் காப்பாகவும் சென்றன. குன்றின் உச்சியில் ஒரு கலைப்படைப்பை நிறுத்தியிருக்கிறார்கள். மேலே ஏறினால் ஆற்றின் வளைவுகளும் இருபக்க அடுக்குமாடிகளும் ஒருசேரத் தெரியும். பாளங்களைக் கிட்டப் போய்ப் பார்ப்பவர்களுக்குப் பழைய கால்வாயின் தடிமனும் சரளையும் இன்றும் புலப்படும். அருகிலேயே ஆற்றங்கரையில் படிக்கட்டு போல இறங்கும் ஓர் அரங்கும் உண்டு. மாலையில் அதில் இடம் பிடிப்பது சுலபமல்ல.

இந்த ஆற்றில் விலங்குகளையோ பறவைகளையோ யாரும் கொண்டுவந்து விடவில்லை. இடம் அமைந்தது, தாமாக வந்தன. திறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் பல்லுயிர் வளம் 30 சதவீதம் கூடியதாகக் கணக்கெடுப்பு சொன்னது: 66 வகைக் காட்டுப்பூக்கள், 59 வகைப் பறவைகள், 22 வகைத் தட்டாரப்பூச்சிகள். நாரையும் மீன்கொத்தியும் கானாங்கோழியும் காலையில் நிச்சயம் கண்ணில் படும். தட்டாரப்பூச்சி வந்ததில் தனி லாபம் உண்டு. தேங்கிய நீர் என்றாலே கொசு, கொசு என்றாலே டெங்கு என்று சிங்கப்பூர் மக்களுக்குப் பயம். கால்வாயை ஆறாக்கும்போது அந்தப் பயமும் எழுந்தது. நீர் ஓடிக்கொண்டே இருப்பதும், மீன்களும் தட்டாரப்பூச்சியின் இளம்புழுக்களும் கொசுப்புழுவைத் தின்பதும் அதற்கு விடையாக அமைந்தன.

எல்லாவற்றையும்விடப் பேர் வாங்கியது நீர்நாய்தான். சிங்கப்பூரில் 1970-களில் கண்ணில் படாமல் போய், 1990-களின் இறுதியில் வடகரையோரச் சதுப்பு நிலத்துக்குத் திரும்பி வந்த விலங்கு அது. 2014-ல் ஒரு ஜோடி பீஷான் பூங்காவுக்கு வந்து குட்டி போட்டது. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஆற்றோடு கீழே போய் மரினா பகுதியில் குடியேறியது. அங்கே ஏற்கெனவே இருந்த குடும்பத்தோடு அது போட்ட எல்லைச் சண்டை நாளிதழ்களில் தொடர்கதை போல வெளியாயிற்று. குடும்பத்துக்குப் பெயரே பீஷான் குடும்பம். மீன் பிடித்துத் தின்றுவிட்டு, வரிசையாகக் கரையேறி, மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும் காட்சிக்காகத் தன்னார்வலர்கள் கேமராவோடு விடியற்காலையில் காத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இதில் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. நீர்நாய்கள் நகரத்துக்குள் பரவியபின் வீட்டுத் தொட்டிகளில் வளர்த்த விலையுயர்ந்த கோய் மீன்கள் ஓர் இரவில் காணாமல்போன கதைகள் பல. இயற்கையைக் கூப்பிட்டால் அது தோட்டத்து வாசலோடு நின்றுவிடுவதில்லை.

எனவே பூங்காவில் மனிதருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. நீர்நாய்க்கும் பறவைக்கும் உணவு போடக் கூடாது. குட்டியோடு இருக்கும்போது நெருங்கிப் படம் எடுக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், அதன் கழிவை எடுத்துப் போட வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சுத்தம் பற்றிய சில்லறை விஷயமாக எண்ணிவிடக் கூடாது. மழையில் கரையும் எதுவும் சில கிலோமீட்டர் தாண்டி ஒரு குடிநீர்த் தேக்கத்துக்குப் போகிறது. வேறு நாடுகளிலிருந்து வந்த அல்லி, அலங்கார மீன், ஆமை போன்றவற்றை ஆற்றில் விடுவதும் தடை. வளர்க்க முடியாமல் போனால் ஆற்றில் விட்டுவிடலாம் என்ற கருணை, உள்ளூர் மீன்களுக்கு எமனாக முடிகிறது.

புதுப்பித்தபின் ஆண்டுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்திலிருந்து 60 லட்சமாக, இரட்டிப்பாகியது. இந்தக் கூட்டமே பூங்காவுக்கு ஒரு சோதனை. சரிவுகளில் கால்தடம் பதிந்து புல் தேய்கிறது, குறுக்குவழிகள் உண்டாகின்றன. ஆற்றில் படியும் வண்டலை அவ்வப்போது எடுக்க வேண்டும்; அதிகமாக வளர்ந்து நீரோட்டத்தை மறிக்கும் செடியைக் கழிக்க வேண்டும். மழைக்குப் பின் மேலிருந்து வரும் பிளாஸ்டிக் நாணலில் சிக்கிக்கொள்ளும். அதைப் பொறுக்க ஆள் வேண்டும். இயற்கையான ஆறு என்பதால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால் இரண்டே பருவத்தில் அது புதராகிவிடும். சிமென்ட் வேலையில் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதி தோட்டக்காரர்களின் கூலியாகத் திரும்பிப் போகிறது. அது நல்ல செலவுதான், ஆனால் செலவே இல்லை என்று சொல்வது பொய்.

வர விரும்புகிறவர்களுக்கு ஏற்ற நேரம் விடிந்தவுடன், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. நடுப்பகலில் சமவெளியில் நிழல் போதாது. சேற்றுக்கு அஞ்சாத செருப்பும் குடையும் போதும். குளத் தோட்டம், செடிப் பாத்தி, ஆறு, குன்று என்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். இடிச்சத்தம் கேட்டாலோ சங்கு ஊதினாலோ ஆற்றின் சரிவை விட்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நீர் எவ்வளவு ஏறுகிறது என்று படம் பிடிக்க நிற்பது மடத்தனம்.

திரும்புவதற்கு முன் பூங்காவின் கிழக்கு எல்லையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஆற்றோடு நடப்பது பயன்தரும். பீஷான் சாலைக்கு அப்பால் காலாங் ஆறு மறுபடியும் கான்கிரீட் சுவர்களுக்குள் போகிறது. காரணம் புரியாத விஷயமல்ல: அங்கே இரு கரையிலும் கட்டடங்களும் சாலைகளும் நெருங்கி நிற்கின்றன, ஆற்றுக்குக் கொடுக்க 100 மீட்டர் அகலம் கிடையாது. மேலே அந்த அகலம் கிடைத்தது, 1980-களில் யாரோ இரண்டு நகரங்களுக்கு நடுவே 150 ஏக்கரைக் கட்டடம் எழுப்பாமல் விட்டுவைத்ததால். இந்தப் பூங்காவைப் பார்த்துவிட்டுத் தம் ஊர் ஆற்றுக்கும் இப்படிச் செய்ய நினைக்கும் நகராட்சிக்காரர்கள் முதலில் எடுக்க வேண்டியது செடிப் பட்டியலை அல்ல, ஆற்றோரம் இன்னும் கட்டடம் எழாமல் மிச்சமிருக்கும் சர்வே எண்களின் பட்டியலை.